முதுகுக் காப்பு வாங்கும் முன்: லேபிளும் இஞ்ச் டேப்பும்

என் முதல் ரைடிங் ஜாக்கெட்டை வாங்கிய அன்று, அதன் முதுகுப் பக்கப் பையைத் திறந்து உள்ளே இருந்ததை வெளியே இழுத்துப் பார்த்தேன். பரீட்சை அட்டை அளவில் ஒரு கறுப்பு ஸ்பாஞ்ச். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் இரண்டு விரலும் தொட்டுக்கொள்ளும் போல இருந்தது. முன்னும் பின்னும் திருப்பினேன். ஓர் எழுத்தோ எண்ணோ முத்திரையோ கிடையாது. தோளிலும் முழங்கையிலும் இருந்த ஆர்மர் மட்டும் கனமாக, முத்திரையோடு இருந்தது. கடைக்காரரிடம் காட்டிக் கேட்டேன். "அது ஜாக்கெட் ஷேப்பா நிக்கறதுக்கு சார். பேக் புரொடெக்டர் தனியா வாங்கிக்கணும்" என்றார்.

அன்று கேட்டது நல்லதாகப் போயிற்று. அந்த ஸ்பாஞ்சையே காப்பு என்று நம்பி வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். மண் பாதையில் பைக் ஓட்டத் தொடங்குபவர்கள், மவுண்டன் பைக் எடுத்துக்கொண்டு மலை இறங்குபவர்கள், காஷ்மீரின் குல்மார்க் போய் பனியில் ஸ்னோபோர்டு கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் எல்லோருக்கும் இது பொதுவான விஷயம் என்பதால், அடிப்படையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

இது எதைக் காக்கும், எதைக் காக்காது

நம் முதுகெலும்பில் 33 எலும்புகள். கழுத்தில் 7, நெஞ்சுக்கூட்டின் பின்னால் 12, இடுப்புக்கு மேலே 5. அதற்குக் கீழே இருப்பவை ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. நடுவில் ஓடும் தண்டுவடம்தான் கால் அசைவிலிருந்து சிறுநீர் அடக்குவது வரை எல்லாவற்றுக்கும் கம்பி மாதிரி. முதுகுக் காப்பு என்றதும் "இதைப் போட்டால் தண்டுவடம் தப்பும்" என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது பாதிதான் சரி.

முதுகில் அடிபடுவது இரண்டு விதம். ஒன்று, நேரடி அடி. மல்லாக்க விழுகிறோம், கீழே ஒரு கல்லோ மரத்தின் வேரோ நடைபாதையின் விளிம்போ இருக்கிறது. அல்லது நாம் விழுந்த பிறகு நம் பைக்கே வந்து முதுகில் ஹேண்டில்பாரை இறக்குகிறது. இன்னொன்று, முதுகைத் தொடாமலே வரும் அடி. ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து தலைகுப்புற விழும்போது எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று நசுங்கும். உயரத்திலிருந்து பின்புறம் தரையில் மோத உட்கார்ந்து விழுந்தாலும் அப்படியே. உடம்பு மடங்கி முறுக்கிக்கொள்ளும்போதும் எலும்பு உடையும். நெஞ்சுக்கூட்டோடு பிணைந்திருக்கும் மேல் பகுதி அதிகம் அசையாது, இடுப்புப் பகுதி அசையும். அந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் இந்த வகை முறிவு அடிக்கடி நடக்கும்.

முதுகுக் காப்பு வேலை செய்வது முதல் வகைக்கு. இரண்டாவது வகைக்கு அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அதற்கான சோதனையிலும் நேரடி அடியை மட்டும்தான் அளக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காப்பு போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் ஒருவர் தன்னால் முடியாத தாவலைத் தாவக்கூடாது.

அப்படியானால் எதற்குப் போட வேண்டும் என்று கேட்கலாம். ஒரு கருங்கல் முனை நேராக முதுகில் குத்தும்போது விலா எலும்பு, தோள்பட்டை எலும்பு, சிறுநீரகம், முதுகெலும்பின் பின்பக்க நீட்சிகள் எல்லாமே அந்த முனைக்கு எதிரில்தான் இருக்கின்றன. விழும்போது பல நேரம் உருண்டு புரண்டு சரிகிறோம். அதில் முதுகு எத்தனை முறை தரையில் அறைகிறது என்பது விழுந்தவருக்கே தெரியாது. ஒருமுறை நான் சரளைக்கல் பாதையில் சறுக்கி எழுந்தபோது காப்பின் மேல் உறையில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கிழிசல், அதன் அடியில் பிளாஸ்டிக்கில் ஆழமான கீறல். முதுகில் ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை. அந்தக் கல் தோலில் இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்தக் கீறலைத் தடவிப் பார்த்துதான் புரிந்துகொண்டேன்.

அடி எப்படிக் குறைகிறது

கட்டட வேலை நடக்கும் இடத்தில் கீழிருந்து ஒருவர் செங்கலை மேலே எறிவார், சாரத்தில் நிற்பவர் பிடிப்பார். பிடிப்பவரின் கையைக் கவனியுங்கள். செங்கல் வந்து தொட்டதும் கை அதோடு கூடவே கொஞ்சம் நகரும். கையை விறைப்பாக நீட்டி வைத்திருந்தால் விரல் போய்விடும். அதே செங்கல், அதே வேகம். நிற்பதற்கு அதற்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். நேரம் கூடினால் உச்ச விசை குறையும். காப்புக்குள் இருக்கும் ஃபோம் செய்வது இந்த வேலையைத்தான். மேலே கெட்டியான தகடு இருந்தால் அது இன்னொரு வேலையையும் செய்யும். ஒரு முனையில் விழுந்த அடியை அகலமான இடத்துக்குப் பரப்பிவிடும்.

பழைய வழி இந்தத் தகடு. 1979-ல் இத்தாலியின் டைனீஸ் நிறுவனம் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்களுக்காக முதுகுக் காப்பைக் கொண்டுவந்தபோது சிங்கி இறாலின் ஓட்டைத்தான் மாதிரியாக எடுத்துக்கொண்டது. நாட்டு ஓடு வேய்ந்த கூரை போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் தகடுகள். முன்பக்கம் குனிந்தால் விரியும், பின்பக்கம் ஓர் அளவுக்கு மேல் வளையாது. இன்றும் இந்த அமைப்பில் நல்ல காப்புகள் கிடைக்கின்றன. காற்றோட்டம் உண்டு, கூரான கல்லுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஆனால் பருமன் அதிகம். மேல் தகட்டில் ஒரு விரிசல் விழுந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

புதிய வழி மென்மையான பொருள். டி3ஓ, சாஸ்-டெக் என்றெல்லாம் பெயர் போட்டிருக்கும். கையில் எடுத்தால் ரப்பர் மாவு போல வளையும். சோளமாவைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து விரலை மெதுவாக விட்டுப் பாருங்கள், உள்ளே போகும். அதையே ஓங்கிக் குத்தினால் கல்லாக நிற்கும். இந்தப் பொருட்களும் நடத்தையில் அதற்கு நெருங்கிய உறவு. சாதாரண அசைவுக்கு வளைந்து கொடுக்கும், திடீர் அடிக்கு இறுகும். முதுகின் வளைவோடு ஒட்டி உட்கார்வதால் ஜாக்கெட்டுக்குள் இருப்பதே தெரியாது. ஒரே அடியில் இவை வீணாகிவிடுவதும் பொதுவாகக் கிடையாது. ஆனால் சூடும் குளிரும் இவற்றைப் பாதிக்கும். நம் ஊருக்கு இது முக்கியம் என்பதால் கொஞ்சம் பிறகு இதற்குத் திரும்பி வருகிறேன்.

லேபிளைப் படிப்பது

ஹெல்மெட் வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை பார்க்கிறோம். முதுகுக் காப்பில் தேட வேண்டியது ஈஎன் (EN) 1621-2 என்ற ஐரோப்பியத் தர எண். மோட்டார் சைக்கிளுக்காக எழுதப்பட்டது என்றாலும் பனிச்சறுக்கு, மவுண்டன் பைக் காப்புகளையும் பெரும்பாலும் இதே எண்ணின் கீழ்தான் சோதித்து விற்கிறார்கள்.

சோதனை எளிமையானது. காப்பை ஓர் இரும்பு மேடையில் வைத்து, நடைபாதை விளிம்புக்கல் போன்ற முனை கொண்ட 5 கிலோ எடையை அதன்மேல் விழ விடுவார்கள். அடியின் ஆற்றல் 50 ஜூல். அதாவது 5 கிலோ அரிசி மூட்டை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவது போல, ஆனால் மூட்டைக்குப் பதில் இரும்பு. காப்பைத் தாண்டி அடியில் எவ்வளவு விசை வந்து சேர்கிறது என்று அளப்பார்கள். சராசரி 18 கிலோநியூட்டனுக்குள் இருந்து, எந்த ஓர் அடியும் 24-ஐத் தாண்டாவிட்டால் லெவல் 1. சராசரி 9-க்குள், எந்த ஓர் அடியும் 12-ஐத் தாண்டாவிட்டால் லெவல் 2. ஒரு கிலோநியூட்டன் என்பது சுமாராக 100 கிலோ எடை அழுத்தும் அளவு. ஆக லெவல் 2-ல் ஒரு கண நேரத்துக்கு 900 கிலோ, லெவல் 1-ல் 1800 கிலோ. லெவல் 2 என்றால் இரண்டு மடங்கு கடுமையான அளவுகோல் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இங்கேதான் ஏமாறுவதற்கு வழியும் இருக்கிறது. எண்ணின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 1621-1 என்று இருந்தால் அது தோள், முழங்கை, முழங்கால் போன்றவற்றுக்கான தரம். அதன் லெவல் 1-ல் சராசரி 35 கிலோநியூட்டன் வரை அனுமதி. முழங்காலுக்குச் சரி, முதுகுக்குச் சரியில்லை. 1621-3 நெஞ்சுக்கு. ஈஎன் 14021 என்று இருந்தால் இன்னும் கவனம் தேவை. மோட்டோகிராஸில் முன்னால் போகிற பைக்கின் சக்கரம் வாரி இறைக்கும் கற்களைத் தடுக்கும் கவசத்துக்கான தரம் அது. பார்க்க ராணுவ கவசம் போல மிரட்டலாக இருக்கும், விழும் அடிக்காகச் செய்ததல்ல. புதிதாக மண்ணில் ஓட்ட வருகிறவர்கள் பணத்தை வீணாக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வெறுமே "சிஇ" (CE) என்ற இரண்டெழுத்து ஐரோப்பிய முத்திரை மட்டும் இருந்து எண் எதுவும் இல்லையென்றால் அந்தப் பொருளை அப்படியே அலமாரியில் திரும்ப வைத்துவிடலாம்.

அதே லேபிளில் ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் படமும் அதன் பக்கத்தில் எழுத்துகளும் இருக்கும். எஃப்பி (FB) என்றால் தோள்பட்டைப் பகுதியையும் சேர்த்து முழு முதுகையும் மூடுவது. சிபி (CB) என்றால் நடு முதுகை மட்டும். எல்பி (LB) இடுப்புப் பகுதிக்கு மட்டும். லெவல் 2 என்று பெரிதாக எழுதி, அடியில் சிபி என்று சின்னதாகப் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதில் தவறில்லை. ஆனால் அந்த லெவல் எவ்வளவு இடத்துக்குப் பொருந்தும் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

அப்புறம் அந்தச் சூடு விஷயம். லேபிளில் டி பிளஸ் (T+), டி மைனஸ் (T-) என்று இரண்டு குறிகள் இருக்கலாம். டி பிளஸ் என்றால் 40 டிகிரி வெப்பத்தில் வைத்துச் சோதித்தும் தேறியது. டி மைனஸ் என்றால் மைனஸ் 10 டிகிரியில் தேறியது. இரண்டுமே கட்டாயச் சோதனைகள் அல்ல, தயாரிப்பவர் விரும்பினால் செய்வது. மென்மையான பொருட்கள் சூட்டில் இன்னும் இளகும், குளிரில் விறைக்கும். இளகினால் அடி அடிமட்டம் வரை இறங்கிவிடும், விறைத்தால் அடியை வாங்காமல் அப்படியே கடத்தும். சென்னையில் மே மாதம், வெயிலில் நிறுத்திய பைக், அதன்மேல் கிடக்கும் ஜாக்கெட் என்று யோசித்தால் நாற்பது டிகிரி ஒன்றும் பெரிய விஷயமில்லை. இணையத்தில் வரும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை குளிர் நாடுகளிலிருந்து வருவதால் டி பிளஸ்ஸைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். நமக்கு அதுதான் முதலில் தேட வேண்டிய குறி. ஜனவரியில் குல்மார்க் போகிறவருக்கு டி மைனஸ்.

அளவு

காப்பின் அளவை உயரத்தை வைத்துச் சொல்லும் கடைகள் உண்டு. அது போதாது. நானும் என் தம்பியும் ஒரே உயரம், பக்கத்தில் பக்கத்தில் நின்றால் தோள் ஒட்டி நிற்கும். நாற்காலியில் உட்கார்ந்தால் அவன் என்னைவிட உயரம். அவனுக்கு உடம்பு நீளம், எனக்குக் கால் நீளம். தையற்கடை இஞ்ச் டேப்பை வைத்து அளந்தபோது அவன் முதுகு என்னுடையதைவிட 4 சென்டிமீட்டர் கூடுதல். ஒரே அளவுக் காப்பை இருவரும் போட்டால் ஒருவருக்கு இடுப்பு திறந்து கிடக்கும், அல்லது மற்றவருக்குக் கழுத்தில் முட்டும்.

லேபிளில் இடுப்பிலிருந்து தோள் வரையான நீளம் சென்டிமீட்டரில் போட்டிருக்கும். இடுப்பெலும்பின் மேல் விளிம்பை விரலால் தடவிக் கண்டுபிடித்து, அந்த மட்டத்திலிருந்து தோள் கழுத்தோடு சேரும் இடம் வரை முதுகின் வளைவை ஒட்டியே டேப்பைப் பிடிக்க வேண்டும். தனியாக அளக்க முடியாது, வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள். சில நிறுவனங்கள், தலையைக் குனிந்தால் பின்கழுத்தில் துருத்திக்கொண்டு நிற்குமே ஓர் எலும்பு, அதிலிருந்து அளக்கச் சொல்லும். அவர்கள் படத்தில் எப்படிக் காட்டியிருக்கிறார்களோ அப்படியே அளந்தால் குழப்பம் இல்லை. இரண்டு அளவுகளுக்கு நடுவில் விழுந்தால், கழுத்தில் முட்டாத வரை, பெரியதைத்தான் நான் எடுப்பேன்.

கடையில் கண்ணாடி முன்னால் நேராக நின்று பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. உங்கள் விளையாட்டில் உடம்பு எப்படி இருக்குமோ அப்படி இருந்து பாருங்கள். ஹெல்மெட்டையும் கொண்டு போங்கள். பைக்கில் குனிந்து உட்கார்ந்து தலையைத் தூக்கி முன்னால் பார்க்கும்போது ஹெல்மெட்டின் பின்விளிம்பு காப்பின் மேல்முனையில் இடித்தால் அது உங்களுக்கானது அல்ல. குனிந்து ஷூ லேஸைக் கட்டுங்கள். கையைத் தூக்கி இறக்குங்கள். நான்கைந்து முறை செய்த பிறகும் காப்பு முதுகின் நடுவிலேயே இருக்க வேண்டும், ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கக் கூடாது. இடுப்புப் பட்டை இருந்தால் அது தொப்பையின் மேல் அல்ல, இடுப்பில் நிற்க வேண்டும். விழுந்து உருளும்போது நகர்ந்துபோகும் காப்பு எந்த லெவலில் இருந்தும் பயனில்லை.

எந்த விளையாட்டுக்கு எது

ஜாக்கெட் பையில் செருகும் இன்சர்ட், தோள் பட்டையும் இடுப்புப் பட்டையும் கொண்டு தனியாக மாட்டும் காப்பு, வலைத்துணி வெஸ்ட்டோடு சேர்ந்தது, முதுகுப்பையோடு சேர்ந்தது என்று வடிவங்கள் பல. சாலையில் நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு இன்சர்ட் வசதி. ஜாக்கெட்டை மாட்டினால் வேலை முடிந்தது, வீட்டில் மறந்து வைத்துவிட்டு வர வழியில்லை. ஆனால் ஜாக்கெட் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் காப்பும் ஆடும். பையின் அளவுக்கு ஏற்ற இன்சர்ட்தான் உள்ளே போகும் என்பதால் பையை அளந்துகொண்டு போங்கள்.

இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயப் பாதையில் ஓட்டப் போகிறீர்களா? தோல் சூட்டின் முதுகில் இருக்கும் திமில் காற்றைக் கிழிப்பதற்கானது, காப்பு அல்ல. காப்பை முதலில் வாங்கி, அதை மாட்டிக்கொண்டு சூட்டைப் போட்டுப் பாருங்கள். காற்றுப்பை உள்ள வெஸ்ட்டுகளும் இருக்கின்றன. உலக மோட்டார் சைக்கிள் பந்தயமான மோட்டோஜிபியில் 2018 முதல் அவை கட்டாயம். விலை எட்டாதவர்கள் வருந்த வேண்டியதில்லை, நல்ல லெவல் 2 காப்பிலிருந்து தொடங்கலாம்.

மண்ணில் ஓட்டுபவர்களுக்குத் தனியாக மாட்டும் வகைதான் என் தேர்வு. நின்றுகொண்டே ஓட்டுகிறோம், அடிக்கடி விழுகிறோம், சட்டைக்கு அடியில் இறுக்கமாக இருந்தால்தான் நகராது. கழுத்துக் காப்பும் போடுகிறவர்கள் இரண்டும் ஒன்றாகப் பொருந்துகின்றனவா என்று மாட்டிப் பார்த்தே வாங்க வேண்டும்.

மவுண்டன் பைக்கில் பிரச்சினையே வேறு. மேலே ஏற மிதிக்க வேண்டும், மிதித்தால் வியர்வை ஆறாக ஓடும். கனமான காப்பைப் பாதி மலையிலேயே கழற்றிப் பையில் திணித்துவிடுவார்கள், இறங்கும்போது மறுபடி மாட்டச் சோம்பல் வரும். அதனால் இங்கே மெல்லிய லெவல் 1 வெஸ்ட்டைத் தயங்காமல் சிபாரிசு செய்கிறேன். நாள் முழுக்க உடம்பில் இருக்கப்போவது அதுதான். காப்போடு கூடிய முதுகுப்பையும் நல்ல யோசனை. மார்புப் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் இறுக்கிக் கட்டினால் மட்டுமே அது காப்பு. சாதாரண முதுகுப்பை மாட்டுகிறவர்கள் காற்றடிக்கும் பம்ப், பூட்டு, கேமரா போன்ற கெட்டியான எதையும் முதுகெலும்பை ஒட்டி வைக்காதீர்கள். விழும்போது அதுவே உள்ளே இருந்து குத்தும் கல்லாகிவிடும்.

பனியில் ஸ்னோபோர்டு புதிதாகக் கற்பவருக்கு ஒரு வார்த்தை. முதல் வாரத்தில் நீங்கள் பெரும்பாலும் விழப்போவது பின்புறத்திலும் கையூன்றியும். முதுகுக் காப்பு வால் எலும்பு வரை வராது. ஆகவே முதல் பணம் ஹெல்மெட்டுக்கும் மணிக்கட்டுக் காப்புக்கும் பஞ்சு வைத்த ஷார்ட்ஸுக்கும். வேகமும் தாவலும் வந்த பிறகு முதுகுக்கு. குதிரையேற்றத்துக்கு ஈஎன் 13158 என்று தனித் தரம் இருக்கிறது, பைக் காப்பை அங்கே கொண்டுபோகக் கூடாது.

பராமரிப்பு

உறையைக் கழற்றித் துவைக்கலாம். உள்ளே இருக்கும் ஃபோமை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். பெட்ரோல், தின்னர் எதுவும் படக்கூடாது. மொட்டை மாடி வெயிலில் காயப்போடுவதும், பூட்டிய காரின் பின்கண்ணாடிக்கு அடியில் நாள் கணக்கில் விட்டுவைப்பதும் வேண்டாம். பெரிய விழுகை ஒன்று நடந்தால் அன்றைக்கே உறையைப் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். தகட்டில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தாலும், ஃபோமில் அழுத்திய குழி திரும்பி எழாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். அலுமினியத் தேன்கூடு வைத்த பழைய வகைகள் ஓர் அடிக்கு மட்டும்தான். அடி எதுவும் படாவிட்டாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் நிறுவனங்கள் பல. இரண்டாம் கையாக வாங்க வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான், அது எத்தனை அடி வாங்கியது என்று வெளியே தெரியாது. வாங்கிய மாதமும் வருடமும் எனக்கே மறந்துவிடும் என்பதால், அவற்றை மார்க்கர் பேனாவால் காப்பின் உள்பக்க ஓரத்தில் எழுதி வைக்கிறேன். பெரிதாக விழுந்த தேதி ஏதாவது இருந்தால் அதையும் அதற்குக் கீழே எழுதிவிடுவேன்.